முப்பது நிமிட நிறுத்தம்

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி

உங்களுக்கு,

வணக்கம். நான் நலம். மேனேஜரும் நலம். இரண்டாவது செய்தி உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் அட்டவணைப்படி அவன் புதன்கிழமை பகல் பன்னிரண்டு பத்தோடு முடிந்துபோனவன். இப்போது என் காலடியில் படுத்து என் செருப்பின் வாரை நக்கிக்கொண்டிருக்கிறான்.

ஏன் போனை அணைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசினால் நான் "சரிங்க" என்று சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிடும். நம் வீட்டில் சண்டையெல்லாம் தாளில்தானே நடந்திருக்கிறது? மேல்வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும், மகள் விழித்துக்கொள்வாள் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள். நான் எழுதி ஃபிரிட்ஜ்மேல் வைப்பேன். நீங்கள் அதே தாளின் பின்பக்கத்தில் ஒரே வரியில் பதில் எழுதுவீர்கள். "பார்க்கலாம்." "தேவையில்லை." "முடிந்த விஷயம்." அதனால் இந்தக் கடிதத்தை இரண்டு பக்கமும் எழுதுகிறேன். உங்களுக்கு இடம் வைக்கப் போவதில்லை.

நீங்கள் முந்தின இரவே ரயிலேறி மாற்றலான ஊருக்குப் போய்விட்டீர்கள். நான் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். நீங்கள் ஐந்தே கால் என்று போட்டிருந்தீர்கள். கால் மணி நேரத் தாமதத்துக்குக் காரணம், மேனேஜர் காலி வீட்டின் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்த வீட்டில் அவன் நகச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டது தெரியுமா? பின் இருக்கையை மடக்கி, மகளின் பழைய மெத்தையைப் போட்டு, அவனைத் தூக்கி வைத்தேன். பின்னங்கால் வலி அவனுக்கு இன்னும் இருக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் வாந்தி எடுத்தான். அதை நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் முழுக்க நான் உங்களை மனதுக்குள் புகழ்ந்துகொண்டே ஓட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எண்ணூறு பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிற மனிதர் தன் மனைவிக்கும் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து. எந்த ஊரில் எத்தனை மணிக்கு, எத்தனை கிலோமீட்டர், எங்கே பெட்ரோல், எங்கே சாப்பாடு. வலது ஓரத்துக் கடைசிப் பத்தியின் தலைப்பு "நாய்". அதில் தண்ணீர், நடை, மாத்திரை என்று மணி வாரியாக. மேம்பாலத்துக்கு அடியில் நிழல் இருக்கும் என்றுகூடக் குறித்திருந்தீர்கள். நிழல் இருந்தது. இவரைப் போய்க் கல்நெஞ்சு என்று நினைத்தோமே என்று அங்கே நின்று கண் கலங்கினேன்.

மாற்றல் உத்தரவு வந்தபோது நாய் வேண்டாம் என்றீர்கள். அவன் வராமல் நானும் வரமாட்டேன் என்று எழுதி ஃபிரிட்ஜ்மேல் வைத்தேன். மறுநாள் பின்பக்கத்தில் உங்கள் பதில்: "சரி. நீயே காரில் கூட்டி வா." எட்டு வருடமாக அவனை எங்கே போனாலும் "கொண்டு போ", "கொண்டு வா" என்று மூட்டையைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தவர் முதல் முறையாகக் "கூட்டி வா" என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். இவ்வளவு சுலபமாக நான் மயங்குவேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாள் விடுதியில் ஒரு வேடிக்கை. வரவேற்பில் இருந்தவர் எத்தனை பேர் என்று கேட்டார். நானும் மேனேஜரும் என்றேன், பழக்கதோஷத்தில். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "மேனேஜர் சார் கார்லயா இருக்காரு?" என்றார். இறக்கிக் கூட்டி வந்தேன். இவன் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தான். "கரெக்டா இருக்கும்மா பேரு. எங்க முதலாளியும் இப்படித்தான் பார்ப்பாரு" என்று சிரித்தார். நாய்க்குக் கூடுதலாக ஒரு விரிப்பு நீங்களே சொல்லி வைத்திருந்தீர்களாம். அதற்கும் ஒருமுறை உங்களைப் புகழ்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை அந்த அறையில் காபி குடித்தபடி அட்டவணையைப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. புதன்கிழமை காலை வரை நாய்ப் பத்தி நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு மூன்றாம் நாள், நான்காம் நாள், வீடு போய்ச் சேரும் வரை அந்தப் பத்தி வெள்ளையாக இருந்தது. தண்ணீர் இல்லை, நடை இல்லை, மாத்திரை இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டு, "விடுபட்டுள்ளதா?" என்று எழுதினேன். அச்செடுக்கும்போது பிரிண்டர் விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் தவறு செய்திருப்பீர்கள் என்று நினைக்க முடிந்தது. தெரிந்தே செய்திருப்பீர்கள் என்று நினைக்கத் தெரியவில்லை.

அதே புதன்கிழமை வரிசையில், "11.40: நிறுத்தம். முகவரி பின்னால். கவரைக் கொடுக்கவும். முப்பது நிமிடம்" என்று இருந்தது. கவர் ஒட்டியிருந்தது. அலுவலக விஷயம், வழியில் யாருக்கோ கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதாக ஞாபகம். அதை டாஷ்போர்டில் பத்திரமாக வைத்திருந்தேன். மேனேஜர் வாந்தி எடுத்தபோது கவரில் தெறித்துவிட்டதோ என்று துடைத்துக்கூடப் பார்த்தேன்.

பதினொன்று நாற்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், நீல கேட். உள்ளே போகுமுன்பே குரைப்புச் சத்தம், பிளீச்சிங் பவுடர் வாசனை. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் சங்கிலியும் இன்னொரு கையில் வாய்க்கூடையுமாக வந்தார். "வாங்கம்மா. சார் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. கடிக்கிற நாயி, நீங்களே மாட்டி இறக்கிடுங்க" என்றார்.

எந்த நாய் என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். மேனேஜர் அதற்குள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த அம்மாளின் கையை முகர்ந்துகொண்டிருந்தான்.

கவரைப் பிரித்தேன். உங்கள் அழகான கையெழுத்தில் படிவம். "ஒப்படைக்கும் காரணம்: குடும்பத்தினரைக் கடித்தது. திரும்பப் பெறும் எண்ணம்: இல்லை." உரிமையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து. வீடு காலி செய்வதற்கு முந்தின நாள் இருபது தாள்களை என் முன்னால் அடுக்கினீர்களே, கேஸ் இணைப்பு, மின்சாரம், வங்கி, லாரி என்று. நீங்கள் பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். ஊரார் எழுதியதையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள், வீட்டுக்குள் ஒரு வரி படித்ததில்லை. அது என் தவறு. உங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

படிவத்துக்குப் பின்னால் மருத்துவமனைச் சீட்டு இணைத்திருந்தீர்கள். போன வருடத்துச் சீட்டு. "வலது கை. நாய்க்கடி. சாப்பிடும் தட்டை எடுக்கப் போனபோது காரணமின்றிக் கடித்ததாக மனைவி கூறுகிறார்."

மனைவி கூறுகிறார். அந்த வரியை நின்ற இடத்திலேயே நாலைந்து முறை படித்தேன்.

கடிக்கிற நாய்களை இந்தக் காப்பகத்தில் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "அதுங்களுக்குக் கடைசி வரிசைம்மா. அந்த வரிசையில இருந்து யாரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்க. பதினஞ்சு நாள் வச்சுப் பார்ப்போம். அப்புறம் டாக்டர் வருவாரு" என்றார். டாக்டர் எதற்கு வருவார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் நீங்கள் விசாரிக்காமல் எதுவும் செய்யமாட்டீர்கள்.

சரியாகப் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மகள் கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகை. "அம்மா, நீ வண்டியை ஓரமா நிறுத்திட்டு நல்லா அழுதுடும்மா. ஓட்டிக்கிட்டே அழாதே. அப்பா சொல்லிட்டாரு" என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். மேனேஜருக்கு வழியில் மூச்சுத் திணறியதாம், ஒரு டாக்டரிடம் போவதற்குள் போய்விட்டானாம். அம்மா ரொம்ப உடைந்திருக்கிறாள், இதைப் பற்றி அவளிடம் பேசாதே என்று சொன்னீர்களாம். அவளால் முடியவில்லை, கூப்பிட்டுவிட்டாள்.

பன்னிரண்டு பத்துக்கு நான் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். அதனால் பன்னிரண்டு பதினைந்துக்கு மகளிடம் சொல்லிவிட்டீர்கள். நான் கிளம்பினேனா என்று ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை, இல்லையா? தாளில் இருந்தால் நடந்ததுபோலத்தான். என் கையெழுத்தைக் காட்டினால் நான் வழக்கம்போல "சரிங்க" என்று அவனை இறக்கிவிட்டுப் போய்விடுவேன் என்பது உங்கள் கணக்கு. அவன் உங்கள் தாளில் செத்துவிட்டு, காரில் உட்கார்ந்து அந்த அம்மாள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். போனை அவன் வாயருகே பிடித்தேன். மகள், "டேய் மேனேஜர்" என்று அலறினாள். அவன் ஒரே ஒருமுறை குரைத்தான். அவள் அழுததும் சிரித்ததும் சேர்ந்து ஒரு சத்தம் வந்தது. பதினொரு வயதில் அவனைச் சட்டைக்குள் வைத்துத் திருட்டுத்தனமாக வீட்டுக்குள் கொண்டுவந்தாளே, அன்றைக்குக் கேட்ட அதே சத்தம்.

போனை வைத்த பிறகு அந்த அம்மாள் படிவத்தைக் காட்டி, "இப்ப இதுல என்னம்மா எழுத? கடிக்குமா, கடிக்காதா?" என்றார்.

சொன்னேன். முதல் முறையாக வாய்விட்டு ஒருவரிடம் சொன்னேன்.

அவன் கடித்த அன்று உங்கள் மேலதிகாரியும் அவர் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். புதிதாக அச்சாகி வந்த அட்டவணைப் புத்தகத்தை எல்லாருக்கும் காட்டினீர்கள். ஆறு நாற்பதுக்குப் புறப்படும் பேருந்து ஆறு பத்துக்கே போய்ச் சேருவதாக ஒரு பக்கத்தில் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே காட்டினேன். மேலதிகாரியும் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அவர்கள் லிப்டில் இறங்கிய பிறகு நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். தட்டு என் கையில் இருந்தது, அது உண்மை. தட்டு கீழே விழுந்த பிறகும் விடவில்லை. சத்தம் போடக் கூடாது என்பதால் நானும் சத்தம் போடவில்லை. திருகினீர்கள். இன்னும் கொஞ்சம் திருகினால் என்ன ஆகும் என்று நான் வேறு யாருக்கோ நடப்பதைப்போல யோசித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அவன் வாசல் பாயிலிருந்து எழுந்து வந்தான். குரைக்கவில்லை. உங்கள் கையைக் கவ்வினான். நீங்கள் என்னை விட்டதும் அவனும் உங்களை விட்டான். அவ்வளவுதான்.

ஆட்டோவில் போகும்போது நீங்கள் எதுவும் சொல்லித்தரவில்லை. டாக்டர் கேட்டார், நானே சொன்னேன். தட்டு, சாப்பாடு, காரணமில்லாமல் என்று சரளமாக வந்தது. சட்டையின் நீளக் கையை மணிக்கட்டு மறைய இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் அவனைப் பால்கனியில் கட்டினோம். என்னைக் காப்பாற்றியதற்கு நான் கொடுத்த சாட்சி அது. நீங்கள் அந்தச் சீட்டை ஒரு வருடம் கோப்பில் வைத்திருந்து, தேவைப்பட்டபோது எடுத்திருக்கிறீர்கள். பொய் என்னுடையது, கோப்பு உங்களுடையது. யார்மேல் எனக்கு அதிகக் கோபம் என்று நேற்று முழுக்க யோசித்தேன். உங்கள்மேல்தான். ஆனால் கொஞ்ச தூரம் வரை நானும் கூடவே வந்திருக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள் படிவத்தின் குறுக்கே கோடு போட்டார். "புருஷனைத்தானே கடிச்சுது? அதுக்கு எங்ககிட்ட வரிசை இல்லம்மா" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

கிளம்பிவிடலாம் என்று காருக்குப் போனேன். சாவியைப் போட்டேன். அடுத்த நிறுத்தம் ஒன்றரை மணிக்கு, பெட்ரோல். அடுத்த விடுதியில் ஒருவருக்கு மட்டும் இடம். அதற்கடுத்த நாளும் ஒருவருக்கு மட்டும். உங்கள் புது வீட்டு வாசலில் நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள், அவனைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் தெரியாது, "சரி, உள்ளே வா" என்பீர்கள். அதற்கு அடுத்த வாரம் நான் அச்சகத் தாள்களில் மூழ்கியிருக்கும்போது அவன் கேட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டான் என்று சொல்வீர்கள். இதையெல்லாம் நான் ஊகிக்கவில்லை. அட்டவணையைப்போலத் தெளிவாகத் தெரிந்தது. சாவியைத் திருப்ப முடியவில்லை.

அந்த அம்மாள் ஜன்னலைத் தட்டினார். "எங்க அக்கா வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. நாய் குரைச்சா கோவிச்சுக்குவாளோன்னு பயப்படாதீங்க, அவளே நல்லாக் குரைப்பா" என்றார். அக்காவைப் போய்ப் பார்த்தேன். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரிஞ்சதும் சொல்லு. படியில முடி கொட்டினா நீதான் பெருக்கணும்" என்றார். அதுதான் வாடகை ஒப்பந்தம். இந்த முறை முழுவதும் படித்துவிட்டேன்.

எனவே உங்கள் முப்பது நிமிட நிறுத்தம் இப்போது மூன்றாவது நாள். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, தெருவைப் பார்த்த ஜன்னல். கீழே மெஷின் ஓடினால் தரை அதிர்கிறது, மேனேஜர் அந்த இடத்தில்தான் வயிற்றை வைத்துப் படுக்கிறான். அச்சகத்துக்கு எழுதிவிட்டேன், தாள்களை இந்த முகவரிக்கே அனுப்புவார்கள்.

இனி உங்களுக்குத் தேவையானவை. இந்தக் கடிதம் வருவதற்குள் லாரி வந்திருக்கும். உங்கள் ரத்த அழுத்த மாத்திரை ஏழாம் எண் பெட்டியில், துணிகளுக்கு நடுவில். கண்ணாடிப் பாத்திரங்களை நீங்கள் பிரிக்க வேண்டாம், உடைப்பீர்கள். புது வீட்டில் எனக்கென்று வைத்திருக்கும் சாவி உங்களிடமே இருக்கட்டும். என் புத்தகப் பெட்டிகள் நான்கு, பச்சைக் கயிறு கட்டியவை. அவற்றை அப்படியே வையுங்கள், திறக்காதீர்கள்.

மகள் விஷயம். மேனேஜர் உயிரோடு இருக்கிறான், அப்பா சொன்னது தவறு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டாள். அப்பாவே உனக்கு எழுதுவார், அதுவரை அவரிடம் கேட்காதே என்றேன். கல்லூரி விடுதியில் தனியாக இருக்கிற பெண் அவள், மூன்று நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். நீங்கள் சொல்லுங்கள். போனில் வேண்டாம், எழுதுங்கள். கவரிலிருந்து தொடங்காதீர்கள், என் மணிக்கட்டிலிருந்து தொடங்குங்கள். நான் சொன்னால் அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விடுவார். நீங்களே சொன்னால் கொஞ்சமாவது மிச்சம் இருப்பார். அவளுக்காக ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அதற்கு மேல் முடியாது.

உங்களுக்கு வாழ்த்து எதுவும் எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். நன்றாகச் சாப்பிடுங்கள். புது இடத்தில் உங்களை மதிக்கிறவர்கள் அமையட்டும். யாராவது உங்கள் தவறைச் சிரித்துக்கொண்டே காட்டினால், அவர்களோடு சேர்ந்து உண்மையாகவே சிரிக்க உங்களுக்கு ஒருநாள் வரட்டும்.

வந்து பேச வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கீழே தெருவில் நின்று கூப்பிடுங்கள், நான் இறங்கி வருகிறேன். எனக்கு முன்னால் அவன் இறங்கி வருவான். அவனைக் கட்டிவைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மகளின் அம்மா